கூகுள் பிளஸை ஃபேஸ்புக்தான் கொன்றதா?

கேள்வி, ஒரு வாசகரிடமிருந்து:
"கூகுள் பிளஸ் ஏன் ஊத்திக்கிச்சுன்னு யாரைக் கேட்டாலும் 'ஃபேஸ்புக் ஏற்கெனவே இருந்துச்சு, இவங்க லேட்டா வந்தாங்க'ன்னு ஒரே பதில். அவ்வளவுதானா? ஜிமெயில், யூடியூப், ஆண்ட்ராய்டுன்னு எல்லாத்தையும் கையில வச்சிருந்தவன் எப்படித் தோத்தான்?"

ஜூன் 4, இரவு

லேட்டாக வந்ததுதான் காரணம் என்றால், பிளஸுக்கு முன்பே கூகுள் நடத்திய சமூக வலைத்தளமான ஆர்குட்டுக்கு என்ன பதில்? அது 2004 ஜனவரியில் வந்தது. ஃபேஸ்புக் அடுத்த மாதம்தான், அதுவும் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குள். முந்திக்கொண்டவன் கூகுள். பிரேசிலிலும் இந்தியாவிலும் ஆர்குட் கொடிகட்டிப் பறந்ததை இங்கே பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, அதாவது டெஸ்டிமோனியல், எழுதச் சொல்லிக் கெஞ்சாத காலேஜ் பையன் அப்போது உண்டா?

2011 ஜூன் 28-ல் வந்த பிளஸ் வேறு ரகம். ஃபேஸ்புக்குக்குப் போட்டி என்றுதான் ஊரெல்லாம் எழுதியது. உள்ளே கணக்கு வேறு. ஜிமெயிலில் ஒரு ஆள், யூடியூபில் ஒரு ஆள், மேப்பில் ஒரு ஆள் என்று துண்டு துண்டாகக் கிடந்தவனை ஒரே ஆளாகத் தைக்க ஓர் ஊசி தேவைப்பட்டது. அந்த ஊசிதான் பிளஸ். இது என் கற்பனை இல்லை. அந்த ஆகஸ்டில் எடின்பரோவில் கூகுளின் அப்போதைய செயல் தலைவர் எரிக் ஷ்மிட்டிடம் பிளஸின் சொந்தப் பெயர் கட்டாயத்தைப் பற்றிக் கேட்டபோது, இது முதலில் ஓர் அடையாளச் சேவை, பிடிக்காதவர்கள் பயன்படுத்த வேண்டியதில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, ஒளிவுமறைவில்லாத பதில்.

என் கட்சி இதுதான்: ஆளுக்கு ஒரு முகம் காட்டிக்கொள்ள, தெரிந்தவர்களை வட்டம் வட்டமாகப் பிரிக்கும் சர்க்கிள் கொடுத்ததும் இவர்கள், எல்லா இடத்திலும் ஒரே முகம்தான் என்று அடம்பிடித்ததும் இவர்கள். இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. ஃபேஸ்புக் பிறக்காமலே இருந்திருந்தாலும் இந்தச் சண்டை வந்திருக்கும்.

மீதி நாளைக்கு. கண் சொக்குகிறது.

ஜூன் 5, காலை

சர்க்கிளைப் பார்க்காத தலைமுறை ஒன்று வந்துவிட்டதால் கொஞ்சம் விளக்கம். திரையின் மேல் பாதியில் தெரிந்தவர்கள் படங்கள் கட்டம் கட்டமாக வரிசையில். கீழ்ப் பாதியில் வட்டங்கள். ஒருவர் படத்தை மவுசால் பிடித்து இழுத்து வட்டத்துக்குள் போட்டால், அவர் முகம் சின்னதாகி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வட்டத்தை அழித்தால் அது சட்டென்று மறையாது. உருண்டு உருண்டு திரைக்கு வெளியே ஓடும்! அதைப் பார்ப்பதற்கென்றே சும்மா வட்டம் போட்டு அழித்தவன் நான். ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் கைவண்ணம் என்று பிறகு தெரிந்தது. மெக் செய்த கை என்றால் சும்மாவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆபீஸ், சொந்தபந்தம், தமிழில் எழுதுகிறவர்கள் என்று பிரித்தேன். உன்னை வட்டத்தில் சேர்த்திருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த வட்டத்தில் என்பது தெரியாது. இது ரொம்ப நாசூக்கான வேலை. மச்சானை 'தலைவலி' என்ற வட்டத்தில் போட்டாலும் குடும்பத்தில் குழப்பம் வராது.

ஜூன் 5, மதியம்

துணுக்கு: வந்த முதல் சில வாரங்களில் பிளஸில் அதிகம் பேர் பின்தொடர்ந்த ஆள் மார்க் ஸக்கர்பெர்க். எதிர்க்கடைக்காரருக்குத்தான் நம் கடையில் கூட்டம்.

ஜூன் 6

இப்போது பெயர் விவகாரம். 2011 ஜூலையிலேயே சொந்தப் பெயர் இல்லாத கணக்குகளை முடக்க ஆரம்பித்தார்கள். பெரிய கலாட்டா. புனைபெயரில் பத்து வருஷம் எழுதி அந்தப் பெயரிலேயே அறியப்பட்டவர்கள், முன்னாள் கணவனுக்குப் பயந்து வேறு பெயரில் இருக்கும் பெண்கள், அரசு வேலையில் இருந்துகொண்டு கருத்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே தராசில்.

நம் பக்கத்துக்கு இதில் தனிக் கூத்து உண்டு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இனிஷியல். இனிஷியலை விரித்துக் கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள் பலர். திருமணமான பெண்கள் வீட்டுக்காரர் பெயரைப் போடுவதா, அப்பா பெயரைப் போடுவதா என்று யோசித்தார்கள். பாதித் தமிழ் இணையம் அப்போது புனைபெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2012 ஜனவரியில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் புனைபெயர் என்று காட்டினால் சரி. முழுதாகக் கைவிட்டது 2014 ஜூலையில், மன்னிப்போடு. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்த மொய்.

ஜூன் 6, இரவு

"சொந்தப் பேரு இருந்தா ஒழுங்கா பேசுவாங்கள்ல?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: யூடியூபில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 2013 நவம்பரில் யூடியூபில் கருத்து எழுத பிளஸ் கணக்கு கட்டாயமானது. நோக்கம் என்னவோ நல்லதுதான்; யூடியூப் கருத்துப் பகுதி அன்றைக்குச் சாக்கடை. புதுசு வந்ததும் நடந்தது என்ன? சொந்தப் பெயரிலேயே திட்டினார்கள். எழுத்து அளவு வரம்பும் போனதால் குறிகளை அடுக்கி டாங்கி, துப்பாக்கி என்று படம் போட்டுப் பக்கத்தை நிரப்பினார்கள். லிங்க் குப்பை வேறு. ஸ்பேம் கூடிவிட்டது என்று யூடியூப்காரர்களே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து.

இதில் உச்சம் ஜாவேத் கரீம். யூடியூபைத் தொடங்கிய மூவரில் ஒருவர். 2005 ஏப்ரலில் விலங்குக்காட்சிச்சாலையில் யானைக்கு முன்னால் நின்று அந்தத் தளத்தின் முதல் வீடியோவைப் போட்டவர். வருஷக்கணக்காக வாய் திறக்காத மனிதர், ஒரு வீடியோவுக்குக் கருத்துப் போட எனக்கு எதுக்குடா கூகுள் பிளஸ் என்று கெட்ட வார்த்தையோடு ஒரே வரி எழுதினார். சொந்தப் பெயரில்தான்.

ஜூன் 8

லாகினை ஒன்றாக்குவது ஏன் இவ்வளவு வில்லங்கம் என்பதற்கு என் அனுபவம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) மூன்று தளங்கள். பொருள் வாங்க ஒன்று, ரீசார்ஜுக்கு ஒன்று, பயண டிக்கெட்டுக்கு ஒன்று. "வாடிக்கையாளரை முழுசா பார்க்கணும்" என்று மேலிடம் ஆசைப்பட்டது. மூன்று டேட்டாபேஸையும் மொபைல் நம்பரை வைத்து ஒட்டச் சொன்னார்கள்.

மொபைல் நம்பர் ஓர் ஆளா? நம் வீடுகளில் இல்லை. பையன் காலேஜ் சேரும்போது அப்பா நம்பரில் ரீசார்ஜ் கணக்கு திறந்திருப்பான். பொருள் வாங்குவது தன் ஈமெயிலில், டெலிவரிக்கு அப்பா நம்பர். ஒட்டியதும் அப்பா உள்ளே வந்து பார்த்தால் பையன் வாங்கிய பொருள், போன ஊர், யாருக்கு எந்த அட்ரஸுக்குப் பரிசு அனுப்பினான் என்று எல்லாம் வரிசையாக. ஒரு கஸ்டமர் கேர் அழைப்பை ஹெட்போனில் கேட்டேன். ஒரு பையன், கோபமே இல்லை, அழாத குறை: "அண்ணா, இதை அவருக்குக் காட்டச் சொல்லி நான் உங்களைக் கேட்டேனா?" அடுத்த வாரமே ஒட்டியதைப் பிரிக்கச் சொன்னார்கள். ஒட்டுவதைவிடப் பிரிப்பது பத்து மடங்கு வேலை, ஏனென்றால் ஒட்டிய பிறகு வந்த ஆர்டர் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பையன் எதையும் ரகசியம் என்று வைத்திருக்கவில்லை. இங்கே செய்தது இங்கேயே இருக்கும் என்று நினைத்திருந்தான், அவ்வளவுதான்.

ஜூன் 9

கூகுள் பஸ்ஸை (Buzz) மறந்துவிட்டேனே என்று ஒருவர் இடித்துரைத்திருக்கிறார். மறக்கவில்லை, வரிசையில் வைத்திருந்தேன். 2010 பிப்ரவரி 9-ல் ஜிமெயிலுக்குள்ளேயே பதிவு போட்டுப் பேசிக்கொள்ளும் வசதியாகக் கூகுள் பஸ் வந்தது. நம்மாட்கள் அதில் விடிய விடிய பஸ் ஓட்டியதெல்லாம் தனிக் காவியம். வில்லங்கம் எங்கே என்றால், நீங்கள் யாருக்கு அடிக்கடி மெயில் போடுகிறீர்களோ அவர்களைத் தானாகவே பின்தொடர வைத்தது. அந்தப் பட்டியல் பொதுவில் தெரியும்படியும் இருந்தது. டாக்டருக்கோ வக்கீலுக்கோ நீங்கள் மெயில் போடுவது ஊருக்கு எதற்கு? வழக்கு வந்து 85 லட்சம் டாலரில் சமரசம். அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து, 20 வருஷத்துக்கு வெளியார் தணிக்கை என்று கையெழுத்து வாங்கியது.

அந்த அறிவிப்பு வந்த தேதி 2011 மார்ச் 30. ஃபேஸ்புக் லைக் மாதிரி கூகுள் தன் +1 பட்டனை அறிவித்த தேதியும் அதே 2011 மார்ச் 30. நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 11

எண்ணிக்கை கேட்டவருக்கு. 2013 அக்டோபரில் கூகுள் சொன்னது: மாதம் 54 கோடிப் பேர் பிளஸ் சம்பந்தப்பட்ட எதையாவது செய்கிறார்கள், அதில் 30 கோடிப் பேர் பதிவுகள் ஓடும் பிளஸ் பக்கத்துக்கே வருகிறார்கள். முதல் எண்ணைக் கவனியுங்கள். ப்ளே ஸ்டோரில் ஓர் ஆப்புக்கு +1 போட்டாலும் அதில் ஒரு தலை. ஐந்து வருஷம் கழித்து 2018-ல் மூடப்போகும்போது அதே கூகுள் சொன்னது: நூற்றுக்குத் தொண்ணூறு வருகைகள் ஐந்து நொடிகூட நீடிப்பதில்லை. தெரியாமல் கை பட்டு உள்ளே வந்தவன் வெளியே ஓட எடுக்கும் நேரம் அது.

எண் ஏன் அப்படி வீங்கியது என்றால், சம்பளம். கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் 2011 ஏப்ரலில் தலைமைக்கு வந்த கையோடு, எல்லோருடைய போனஸிலும் கால் பங்கு சோஷியல் முயற்சியின் வெற்றியைப் பொறுத்தது என்று உத்தரவு போட்டதாகச் செய்தி வெளியானது. போனஸைக் கட்டிவிட்டால் எந்தப் பொருளிலும் பிளஸ் பட்டன் முளைக்கும். முளைக்காவிட்டால்தான் அதிசயம்.

இதுவும் நான் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். வேறொரு ஆபீஸ். ஊழியர்களுக்கென்று உள்ளே ஒரு சோஷியல் தளம் திறந்தார்கள். யாரும் வரவில்லை. அப்ரைசலில் 'தளப் பங்களிப்பு' என்று ஒரு வரி சேர்த்தார்கள். மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பூங்கொத்துப் படத்தோடு குட் மார்னிங். மேனேஜர் போட்டால் அதன் கீழே நாற்பது குட் மார்னிங். காலாண்டு மீட்டிங்கில் பங்களிப்பு ஏறுமுகம் என்று கிராஃப் காட்டினார்கள், நாங்களும் கைதட்டினோம்.

ஜூன் 11, இரவு

ஸ்டீவ் யெகி கதையைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. 2011 அக்டோபர். கூகுள் இன்ஜினியர். முன்பு அமேசானில் இருந்தவர். வெளியாட்கள் மேலே ஆப் கட்டிக்கொள்ளும்படி தளம் கட்டக் கூகுளுக்குத் தெரியவில்லை, தனித்தனிப் பொருளை மட்டும் கட்டுகிறோம், பிளஸே அதற்கு நல்ல உதாரணம் என்று ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ராத்திரி நேரம். எழுதியது பிளஸில். பகிர்ந்தது உள்ளுக்குள் என்று நினைத்து, போனது பொதுவில். உலகமே படித்தது. யார் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று பிரிப்பதற்காகவே செய்த கருவி, அதைச் செய்த வீட்டுக்காரரையே வாரிவிட்டது. கட்டுரையை எடுத்தார், வேலைக்கு ஆபத்தில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை: பிளஸுக்கு அப்போது இருந்த பொது ஏபிஐ, அதாவது வெளி ஆப்கள் உள்ளே நுழையும் வாசல், படிக்க மட்டும்தான். வெளியாள் எவனும் அதில் எழுதும் ஆப் செய்ய முடியாது.

ஜூன் 14

இரண்டு நாள் யோசித்ததில் என் கட்சிக்கு நானே எதிர்க்கட்சி ஆகிறேன். பிளஸுக்குள் வளர்ந்தவை எல்லாமா உருப்படாமல் போயின? ஹேங்அவுட் ஒன்று போதுமே. பத்துப் பேர் முகம் பார்த்துப் பேசலாம், இலவசம், 2011-ல். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் 80-வது பிறந்தநாளுக்கு வர தலாய் லாமாவுக்குத் தென்னாப்பிரிக்க விசா கிடைக்காதபோது அவர் வந்தது ஹேங்அவுட்டில்தான். 2012 ஜனவரியில் ஒபாமா மக்களோடு பேசியதும் அதில்தான்.

போட்டோஸ் அதைவிடப் பெரிய கதை. போனில் எடுத்த படம் தானாக மேலே ஏறுவது, மங்கலானதைத் தானே திருத்துவது, நாலு படத்தைச் சேர்த்து அசைய வைப்பது எல்லாம் பிளஸுக்குள்தான் வளர்ந்தன. அம்மா என் பையன் படங்களைப் பார்க்க அதைத்தான் பிடித்துக்கொண்டாள், அது சோஷியல் நெட்வொர்க் என்றே தெரியாமல். 2015 மே மாதம் பிளஸிலிருந்து கழற்றித் தனி ஆப்பாக விட்டார்கள், பிய்த்துக்கொண்டு போனது.

அப்படியானால் சேர்த்தது தப்பில்லையோ? படம், பேச்சு இரண்டிலும் யாருக்குக் காட்டுகிறோம் என்பது நம் கையில் இருந்தது. யூடியூப் கருத்திலும் ப்ளே ஸ்டோர் மதிப்புரையிலும் அது இல்லை. எனவே கட்சியை முழுதாகக் கலைக்கவில்லை, கொடியை மட்டும் கொஞ்சம் மாற்றுகிறேன்: சேர்த்ததில் இல்லை கோளாறு, கேட்காமல் சேர்த்ததில்.

பல தளங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கவைத்த கூகுள் ரீடரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அதில் நண்பர்களோடு கட்டுரை பகிரும் வசதி இருந்தது, அமைதியான சின்னக் கூட்டம். ஃபேஸ்புக் முடக்கப்பட்டிருந்த ஈரானில்கூட ஆட்கள் அதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் அந்தப் பகிரும் வசதியைப் பிடுங்கி, இனி பிளஸில் பகிருங்கள் என்றார்கள். 2013 ஜூலை 1-ல் ரீடரே இல்லை. தானாக முளைத்த சோஷியலை வெட்டி, நட்ட சோஷியலுக்கு உரமாகப் போட்டார்கள்.

ஜூன் 15

"பிளஸ் ஹேக் ஆனதாலதான் மூடினாங்க" என்று எழுதியிருப்பவருக்கு. ஹேக் இல்லை, ஓட்டை. 2018 மார்ச்சில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: பொதுவில் வைக்காத பெயர், ஈமெயில், வேலை, வயது போன்ற விவரங்களை வெளி ஆப்கள் எடுக்க முடிந்தது. 5 லட்சம் கணக்குகள் வரை, 438 ஆப்கள் வரை. யாரும் எடுத்ததாக ஆதாரம் இல்லை என்றார்கள். ஆனால் பதிவேட்டை இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். அக்டோபர் 8-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய அன்றைக்குத்தான் வெளியே சொன்னது, மூடுகிறோம் என்றது எல்லாம். டிசம்பரில் இன்னொரு ஓட்டை, இந்த முறை 5.25 கோடிப் பேர். ஆகஸ்டில் மூடுவதாக இருந்தது முன்னுக்கு வந்து 2019 ஏப்ரல் 2-ல் முடிந்தது.

உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. முன்நின்று நடத்திய விக் குண்டோத்ரா 2014 ஏப்ரலில் விலகினார். 2015 ஜூலையில் யூடியூபுக்கும் மற்றதுக்கும் இனி பிளஸ் கணக்கு வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஓட்டை வந்தது காரியம் செய்யும் நாளில்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்ப தோத்தது யாரு?" என்கிறார். நியாயமான கேள்வி. உங்கள் போனை எடுத்து யூடியூபைத் திறந்து மூலையில் உங்கள் படத்தைப் பாருங்கள். மேப்பிலும் அதே படம், ஜிமெயிலிலும் அதே. தைக்க நினைத்ததைத் தைத்து முடித்தாகிவிட்டது. 2012 மார்ச் 1-ல் 60-க்கு மேற்பட்ட தனியுரிமைக் கொள்கைகளை ஒன்றாக்கினார்களே, வேலை நடந்தது அங்கே. ஒரு சேவையில் தெரிந்ததை இன்னொன்றில் பயன்படுத்தலாம் என்ற அனுமதி அது. பிரான்ஸின் தரவு ஆணையம் 2014 ஜனவரியில் அதற்காக அபராதம் போட்டது: 1.5 லட்சம் யூரோ. கூகுளுக்கு அது டீச் செலவு.

அப்போது நாம் எல்லோரும் பிளஸைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம். கொள்கை மாற்ற அறிவிப்பில் 'சரி' என்று அழுத்தியது ஞாபகம்கூட இல்லை.

ஜூன் 22

இழை ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா பக்கம் போய்விட்டது, நானும் போகிறேன். வாட்ஸப்பை 2014-ல் வாங்கும்போது, ஃபேஸ்புக் கணக்கையும் வாட்ஸப் கணக்கையும் நம்பகமாகத் தானியங்கி முறையில் பொருத்த முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் பொருத்தும் வழியோடு கொள்கையை மாற்றினார்கள். அந்த வழி 2014-லேயே இருந்தது என்று கண்ட ஆணையம் 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. 2021-ல் ஃபேஸ்புக்கோடு தகவல் பகிரும் வாட்ஸப்பின் புதுக் கொள்கைக்கு இந்தியாவில் கிளம்பிய புகைச்சல் உங்களுக்கே தெரியும். சிக்னலும் டெலிகிராமும் நம் மாமா அத்தை போன்வரை ஏறின. அதே விவகாரத்தில் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அது மேல்முறையீட்டுக்கும் போனது.

ட்விட்டருக்குப் போட்டியாக மெட்டா விட்ட த்ரெட்ஸைப் பாருங்கள். 2023 ஜூலையில் இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே உள்ளே விட்டார்கள், ஐந்து நாளில் 10 கோடிப் பேர். பிளஸ் செய்த அதே வித்தை, இங்கே பலித்தது. காரணம், இன்ஸ்டா ஆட்கள் ஏற்கெனவே ஊருக்குக் காட்டும் முகத்தோடு இருந்தவர்கள். அந்த முகத்தை இன்னொரு அறைக்குக் கொண்டுபோவதில் சங்கடம் இல்லை. ஜிமெயிலில் இருந்தவன் முகமே காட்டாமல் கரண்ட் பில் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனால் த்ரெட்ஸை அழிக்க வேண்டுமானால் இன்ஸ்டாவையும் சேர்த்து அழி என்று ஆரம்பத்தில் வைத்திருந்தார்களே, அது அழிச்சாட்டியம். நவம்பரில்தான் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஜூலை 2

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், புதிதாக இரண்டு கேள்வி.

கூகுள் சேவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வழி உண்டா? ஐரோப்பாவில் உண்டு. டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் 2024 மார்ச்சிலிருந்து தேடல், யூடியூப், மேப், ப்ளே, குரோம், ஷாப்பிங், விளம்பரம் ஆகியவற்றில் எதை எதோடு இணைப்பது என்று அங்கே உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் அந்தப் பக்கம் திறக்காது. ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி பையன் யூடியூபைத் தனியாகக் கழற்றிப் பார்த்தான். முதல் பக்கம் மொட்டையாகப் போனதாம். மூன்றாம் நாள் திரும்ப ஒட்டிவிட்டான்.

சர்க்கிள் மாதிரி இப்போது எதில் இருக்கிறது? இன்ஸ்டாவில் 2018 கடைசியில் வந்த க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ், ஒரே வட்டம். மற்றபடி எல்லோரும் வாட்ஸப் குரூப்தான். என்னிடம் 'குடும்பம்' ஒன்று, 'குடும்பம் அஃபிஷியல்' ஒன்று, பெரியப்பா இல்லாத 'குடும்பம்' ஒன்று. பிரிக்கும் வேலையை சனங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.